காருக்குக் கண்ணுக்குத் தெரியாத சட்டை... தெரியுமா?

புதுக் காரில் முதல் கீறலைப் போடுவது யார் தெரியுமா? பல வீடுகளில் நாமேதான்! ஷோரூமில் சாவி வாங்கி, நேராகக் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போய், பானெட்டின் மேல் ஒரு மாலையைச் சாத்துகிறோமே, அந்த மாலையைக் கட்டியிருக்கும் கம்பியை என்றைக்காவது கவனித்திருக்கிறீர்களா? வீடு வந்து சேர்வதற்குள் அது காற்றில் ஆடி ஆடிப் பானெட்டில் கோலமே போட்டுவிடும். எலுமிச்சம்பழத்தை நசுக்கிய திருப்தியோடு இறங்கி, மாலையைக் கழற்றும்போதுதான் சந்தேகம் வரும். திருஷ்டி கழிந்ததா, இல்லை இப்போதுதான் பட்டதா?

அந்தக் கீறலைப் பெயின்ட்டுக்கு விடாமல் தன்மேல் வாங்கிக்கொள்ள ஒரு சமாச்சாரம் இருக்கிறது. பிபிஎஃப் என்கிறார்கள். காரின் உடம்பில் ஒட்டுகிற, கண்ணாடி போலத் தெளிவான ஒரு ஃபிலிம். ஒழுங்காக ஒட்டினால் ஒட்டியிருப்பதே தெரியாது. அதுதான் அதன் பெருமை. பர்ஸைத் திறக்கும்போது நம் வயிற்றெரிச்சலும் அதுதான்! நல்ல ஃபிலிமாக முழு வண்டிக்கும் ஒட்டினால் பில் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கா ஒரு லட்சம்? நாமே ஒட்டிக்கொண்டால் என்ன? ஜூன் மாதம் ஸ்கூல் திறந்ததும் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து இருபது நோட்டுக்குப் பிரவுன் ஷீட் போட்ட பரம்பரை அல்லவா நாம்?

நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் ஒட்டியும் பார்த்தேன். அந்த வீரகாவியத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில், இந்த ஃபிலிம் பிறந்த இடம் எது தெரியுமா?

போர்க்களம்! வியட்நாம் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர்களுக்கு எதிரியின் குண்டு மட்டுமா தொல்லை? தரையிறங்கும்போதும் ஏறும்போதும் கிளம்பும் மணலும் பொடிக்கல்லும் மேலே சுழலும் இறக்கையின் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தன. அந்த இறக்கையின் நுனி என்ன வேகத்தில் சுற்றும் தெரியுமா? அந்தப் போரின் அடையாளமாகவே ஆகிப்போன ஹ்யூயி ஹெலிகாப்டரில், மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல்! அந்த வேகத்தில் மணல் துகளும் உளிதான். எனவே இறக்கை விளிம்பில் வலுவான பாலியூரித்தேன் நாடாவை ஒட்டினார்கள். அடியை நாடா வாங்கிக்கொண்டது, இறக்கை பிழைத்தது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் உருவாக்கிய அந்த நாடாவைப் பிற்பாடு பந்தயக் கார்க்காரர்கள் பார்த்தார்கள். முன்னால் ஓடும் கார் வாரி இறைக்கும் கல்லுக்கு இது நல்ல மருந்தாயிற்றே! அங்கிருந்து ரோட்டில் ஓடும் கார்களுக்கு வந்தது. இன்றைக்கும் சில பழைய ஆட்கள் இதை 'ஹெலிகாப்டர் டேப்' என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே 3எம் நிறுவனம் நாடா தயாரிப்பில் இறங்கியதற்கே ஒரு கார் பெயின்ட் கடைதான் காரணம், தெரியுமா? 1920களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார் மோகம். ஒரு வண்ணத்தை மறைத்துக்கொண்டு அடுத்ததை அடிக்க வேண்டும். பெயின்ட்டர்கள் கையில் கிடைத்த நாடாவையும் காகிதத்தையும் ஒட்டி மறைப்பார்கள். உரிக்கும்போது அடித்த பெயின்ட்டும் சேர்ந்து வரும். கடைக்கு உப்புத்தாள் சாம்பிள் கொண்டுவந்த ரிச்சர்ட் ட்ரூ என்ற 3எம் இளைஞர் அவர்கள் வாயிலிருந்து வந்த வசவையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். 1925-ல் மாஸ்கிங் டேப் பிறந்தது. ஒட்டவும் வேண்டும், உரிக்கும்போது பெயின்ட்டைக் கொண்டுவரவும் கூடாது. நூறு வருஷம் ஆகியும் இந்தத் தொழிலின் தலைவலி அதேதான்!

சரி, இந்தச் சட்டை எத்தனை தடிமன்? பக்கத்தில் ஜெராக்ஸ் பேப்பர் இருந்தால் ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். அது சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் காரின் பெயின்ட் இருக்கிறதே, துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்று நாலு அடுக்கும் சேர்ந்து, அந்த ஒற்றைத் தாளில் தொடங்கி ஒன்றரைத் தாள் தடிமனுக்குள் அடங்கிவிடும்! அதிலும் பளபளப்பைக் கொடுக்கிற கிளியர் கோட் பாதித் தாள்கூட இல்லை. பத்துப் பன்னிரண்டு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டியின் மொத்த மினுமினுப்பும் அந்த அரைத் தாளில்தான் நிற்கிறது. ஃபிலிமோ சுமார் 200 மைக்ரான், இரண்டு தாள். காக்க வந்தவன் காக்கப்படுகிறவனைவிடத் தடியன்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'செராமிக் கோட்டிங் போட்டுட்டேன் சார், 9எச், கல்லே பட்டாலும் ஒண்ணும் ஆகாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 9எச் என்ன தெரியுமா? பென்சில்! பள்ளிக்கூடத்தில் எச்பி, 2எச் என்று வாங்கினோமே, அதே வரிசைதான். பூச்சின் மேல் பென்சிலை அழுத்தி இழுத்து, எந்த எண் பென்சில் கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வைரத்துக்குப் பத்து என்று சொல்கிற மோஸ் அளவுகோல் முற்றிலும் வேறு. செராமிக் பூச்சின் தடிமனே ஒன்றிரண்டு மைக்ரான்தான். தண்ணீர் முத்து முத்தாக உருளும், கழுவுவது சுலபம், பளபளக்கும். எல்லாம் உண்மை. ஆனால் தார்ப்பாய் போடாத டிப்பர் லாரிக்குப் பின்னால் நூறில் போகும்போது தெறிக்கிற ஜல்லிக்கு முன்னால் அது என்ன செய்யும்? வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நாலு மடங்கு. அதைத் தாங்க மெத்தை வேண்டும், மெருகு போதாது.

மெத்தை என்றதும் நினைவுக்கு வருகிறது. வீட்டில் நாம் படுக்கிற ஃபோம் மெத்தையும், செருப்பின் அடிப்பாகமும், ஃப்ரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் நுரையும், இந்த ஃபிலிமும் ஒரே குடும்பம், தெரியுமா? எல்லாம் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரின் குழு கண்டுபிடித்தது. தலைவலி மாத்திரை பேயர் நிறுவனத்தின் வாரிசு என்று நினைத்துவிடாதீர்கள். வேலை பார்த்தது அந்த வட்டாரத்தில்தான், பெயரும் அதேதான், ஆனால் உறவு கிடையாது!

அப்புறம், மாயாஜாலம். நல்ல ஃபிலிமின் மேல் பித்தளை பிரஷ்ஷால் பரபரவென்று தேயுங்கள். வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும். அதன்மேல் ஒரு செம்பு வெந்நீரை ஊற்றுங்கள். கண்ணெதிரே கீறல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து காணாமல் போகும்! மேல்பூச்சில் இருக்கிற ரப்பர் போன்ற மூலக்கூறுகள் சூடு பட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன, அவ்வளவுதான். நம் ஊர் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடும். சித்திரை வெயிலைத் திட்டாமல் வரவேற்கிற ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று, இது மேலோட்டமான கீறலுக்குத்தான். பக்கத்து வீட்டுப் பையன் சாவியால் ஆழமாக இழுத்தால் ஃபிலிம் அறுந்துவிடும், வெந்நீருக்கு வேலையில்லை. அப்போதும் அறுந்தது சட்டைதான், தோல் அல்ல என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம், கவனியுங்கள். மேலே சொன்னதெல்லாம் டிபியு என்கிற பாலியூரித்தேன் ஃபிலிமுக்கு. 'முழு பாடி பிபிஎஃப், பாதி விலை' என்று சொல்லி பிவிசி ஷீட்டை ஒட்டுகிறவர்களும் உண்டு. பிவிசியை மென்மையாக வைத்திருக்க ஒரு எண்ணெய்ப் பொருள் சேர்ப்பார்கள். வெயிலில் அது மெல்ல வெளியேறிவிடும். பிறகு ஃபிலிம் விறைக்கும், மஞ்சளடிக்கும், உரிக்கப் போனால் அப்பளம் மாதிரி நொறுங்கும். கடையில் ஒரு துண்டு மாதிரி கேளுங்கள். இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள். டிபியு ரப்பர் போல நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்திலேயே நின்று உங்களைப் பார்க்கும்.

எதைக் கொண்டு ஒட்டுகிறார்கள் தெரியுமா? இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. குழந்தைக்குப் போடுகிற ஷாம்பூ! ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரில் சில சொட்டு பேபி ஷாம்பூ. ஃபிலிமின் முதுகில் இருக்கும் பசை, ஸ்டிக்கர் பொட்டின் பசையைப் போல, அழுத்தினால்தான் முழுசாகப் பிடிக்கும் வகை. நடுவில் சோப்புத் தண்ணீர் ஒரு ஏடு போல நிற்கும்வரை பசை பெயின்ட்டைத் தொடவே முடியாது. வழுக்கிக்கொண்டு எந்தப் பக்கமும் நகரும். இடம் சரியானதும் ஸ்க்வீஜி என்கிற ரப்பர் பட்டையால் தள்ளித் தண்ணீரை வெளியேற்றினால் அந்த இடம் பிடித்துக்கொள்ளும். மூலையில் ஒட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தால் இரண்டாவது பாட்டில் வரும். அதில் தண்ணீரோடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அது வழுக்கலை முறித்துப் பிடிப்பைக் கொடுக்கும். வழுக்க ஒன்று, பிடிக்க ஒன்று. இந்த இரண்டு பாட்டில்தான் தொழில் ரகசியம் மொத்தமும்! தண்ணீர் மட்டும் போர் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் என்ன ஆகும் என்று பாத்ரூம் குழாயைப் பார்த்தாலே தெரியும். கேன் தண்ணீர் நல்லது.

இவ்வளவு எளிதா? பிறகென்ன? போன வருஷம் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. என் மைத்துனனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். ஆன்லைனில் வாங்கிய ரெடிமேட் கிட். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழிக்கு நாலு துண்டு, பக்கக் கண்ணாடிகளின் முதுகுக்கு இரண்டு, பானெட்டின் முன்பக்கத்துக்கு ஒரு நீளத் துண்டு. கைப்பிடிக் குழியைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? மோதிரமும் நகமும் போட்ட பிறைபிறையான கீறல் மயமாக இருக்கும். நாலு குழியையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டோம். அத்தனை சுத்தம்! 'மாமா, கடையே போட்ரலாம் போலயே' என்றான் மைத்துனன். அங்கேதான் சனி பிடித்தது.

அடுத்து பக்கக் கண்ணாடியின் முதுகு. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் மடிப்பு. அந்த மடிப்பை நீவினால் கீழே மூன்று மடிப்பு. ஹேர் டிரையரால் சூடு காட்டினோம், இழுத்தோம், தண்ணீர் அடித்தோம், மறுபடி இழுத்தோம். மடிப்புகள் விரல் விரலாக எழுந்து நின்றன. காபி கொண்டுவந்த என் மனைவி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, 'என்னங்க, அளவு தப்பின ரவிக்கை மாதிரி இருக்கு' என்றாள். அதைவிடத் துல்லியமான தொழில்நுட்ப அறிக்கையை நான் இன்றுவரை படித்ததில்லை!

ஏன் அப்படி ஆயிற்று தெரியுமா? இதற்குப் பதில் சொன்னவர் கார் மெக்கானிக் இல்லை, கணித மேதை காஸ். 1827-லேயே சொல்லிவிட்டார்! ஒரு நோட்டுப் புத்தகத்துக்கோ பவுடர் டப்பாவுக்கோ செய்தித்தாளைச் சுற்றுங்கள். சுருக்கமே இல்லாமல் உட்காரும். இப்போது அதே தாளைத் தேங்காய்க்குச் சுற்றுங்கள். என்ன செய்தாலும் சுருங்கும், இல்லையென்றால் கிழியும். ஒரு திசையில் மட்டும் வளைகிற பரப்பைத் தட்டையான தாளால் மூடலாம். இரண்டு திசையிலும் வளைவதை, தாளை இழுக்காமலோ சுருக்காமலோ மூடவே முடியாது. இது நம் கைத்திறமைக் குறைவு அல்ல, இயற்கையின் சட்டம். பூகோளப் படத்தில் கிரீன்லாந்து ஊதிப் பெருத்துத் தெரிவதும் இதே சட்டத்தால்தான்!

காரின் கதவில் பெரும்பகுதி பவுடர் டப்பா. பம்பரும் கண்ணாடி முதுகும் தேங்காய். எனக்குத் தெரிந்தவரை, நீங்களே ஒட்டலாமா கடைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு இந்த ஒரு வரிக்கு மேல் பதில் கிடையாது. தேங்காயை மூட ஃபிலிமை இழுத்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதுதான் வித்தை. அதிகம் இழுத்தால் கோடு விழும், பசை மெலியும், நாலு நாள் கழித்து ஓரம் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குப் பின்வாங்கும். ஃபிலிமுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி!

எங்கள் காவியம் இன்னும் முடியவில்லை. கண்ணாடியைக் கைவிட்டுவிட்டு பானெட்டுக்கு வந்தோம். தட்டையான இடம்தானே, இதிலாவது மானத்தைக் காப்போம் என்று லைனர் என்கிற பின்தாளை உரித்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பசைப் பக்கம் வானத்தைப் பார்த்து இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் வேப்பமரம். மாதம் ஏப்ரல். மேலும் சொல்ல வேண்டுமா? ஒரு சின்னக் காற்று. பொலபொலவென்று வேப்பம்பூ. ஷாம்பூ தண்ணீரால் பெரும்பாலானதைக் கழுவிவிட்டோம். ஒட்டி, தள்ளி, துடைத்து, எட்ட நின்று பார்த்தால் இடது ஓரத்தில் ஒரே ஒரு பூ, ஐந்து இதழும் விரித்து, அருங்காட்சியகத்தில் வைத்ததுபோல. அதற்குப் பக்கத்தில் மைத்துனனின் கட்டைவிரல் ரேகை. பசையைத் தண்ணீர் அடிக்காத விரலால் தொட்டால் அந்த ரேகை அப்படியே நின்றுவிடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

கொப்புளங்களும் இருந்தன. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு, கேளுங்கள். ஒட்டிய மறுநாள் ஃபிலிமுக்கடியில் கொப்புளம் தெரிந்தால் எல்லாவற்றுக்கும் பதற வேண்டாம். தண்ணீர்க் கொப்புளம் என்றால் சில நாளிலோ இரண்டொரு வாரத்திலோ தானாக வற்றிவிடும், ஈரம் ஃபிலிம் வழியாகவே மெல்ல வெளியேறும். காற்றுக் கொப்புளம்தான் போகாது. அதை மெல்லிய ஊசியால் குத்தி நீவ வேண்டும். எங்கள் பானெட்டில் இருந்தவற்றில் பாதி வற்றியது, பாதி இன்னும் இருக்கிறது.

மானம் போனது போகட்டும் என்று, கண்ணாடிகளுக்கும் பம்பருக்கும் ஒரு டிடெய்லிங் கடைக்குப் போனேன். ஒட்டும்போது நிற்கலாமா என்று கேட்டேன், சம்மதித்தார்கள். அந்த அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடியது ஃபேன் சுவிட்ச். தொடவிடவில்லை! தூசியைக் கிளப்பும் என்பதால் மின்விசிறி கிடையாது, தரையை ஈரமாக வைத்திருக்கிறார்கள், கதவு எப்போதும் மூடியே இருக்கிறது. ஒட்டுவதற்கு முந்தைய நாள் முழுக்கக் கழுவல்தான். கழுவி, களிமண் போன்ற கிளே கட்டியால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, கதவு இடுக்கில் ஒளிந்திருக்கும் மண்ணை ஊதி எடுத்து, மறுபடி கழுவி. ஒட்டுவது ஒரு மடங்கு என்றால் சுத்தம் இரண்டு மடங்கு.

ஒட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, தேனிப் பக்கம். மோதிரம் இல்லை, கைக்கடிகாரம் இல்லை, பெல்ட் இல்லை, சட்டையில் பொத்தான்கூட இல்லை. எல்லாம் கீறும்! ஸ்க்வீஜியை நடுவில் வைத்து, ஒரே அழுத்தத்தில் ஓரத்துக்குத் தள்ளினான். அடுத்த தள்ளல் முந்தையதன் பாதியை மிதித்துக்கொண்டு போனது, வாசல் தெளித்துப் பெருக்குகிறவர்கள் விளக்குமாற்றை ஓட்டுவார்களே அந்த மாதிரி. மடிப்பு எழுந்தபோது நான் பதறினேன், அவன் பதறவில்லை. அந்த இடத்தைத் தூக்கி, தண்ணீர் அடித்து, சுருக்கத்தை நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுத்தான். மடிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை! 'எப்படித் தம்பி?' என்றேன். 'ஃபிலிம யாரு வேணா ஒட்டலாம் சார். தண்ணிய எங்க வெளிய விடணும்னு தெரியணும், அவ்ளோதான்' என்றான்.

ஒரு வண்டிக்கு எத்தனை ஃபிலிம் ஆகும் தெரியுமா? சாதாரணமாக ஒரு ரோல் ஒன்றரை மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். நடுத்தர அளவு கார் ஏறக்குறைய ஒரு ரோலைத் தின்றுவிடும். பரப்பளவில் அது சுமார் மூன்றரைப் புடவை, எடையில் ஐந்து கிலோ அரிசிப் பை! இதை வெட்டுவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று ரெடிமேட்: உங்கள் மாடலின் அளவு கம்ப்யூட்டரில் இருக்கும், பிளாட்டர் என்கிற இயந்திரம் காருக்கு வெளியிலேயே வெட்டித் தந்துவிடும். இன்னொன்று தையல்காரர் பாணி: முழுத் துணியாகக் காரின் மேல் விரித்து, ஒட்டியபின் ஓரத்தை வெட்டுவது. இரண்டாவதில் ஓரம் உள்பக்கம் மடிந்து, கோடே தெரியாமல் அழகாக இருக்கும். ஆனால் பிளேடு உங்கள் பெயின்ட்டின் மேலேயே ஓடும்! நண்பர் ஒருவர் வண்டியில், ஊர்பேர் சொல்ல வேண்டாம், ஒரு கடையில் ஃபிலிமோடு கிளியர் கோட்டையும் சேர்த்து அறுத்திருந்தார்கள். ஃபிலிமை மாற்றும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கடைக்காரர் என்றாலே கைதேர்ந்தவர் என்று அர்த்தமில்லை.

அந்தப் பிளேடுக்கும் ஒரு கதை உண்டு. முனை மழுங்கினால் 'டக்'கென்று ஒரு துண்டை ஒடித்துவிட்டுப் புது முனையை நீட்டுகிறோமே, அந்தக் கட்டரைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் யோஷியோ ஒகாடா, 1956-ல். அவருக்கு யோசனை எதிலிருந்து வந்தது தெரியுமா? கோடு போட்டு ஒடித்துத் தின்கிற சாக்லேட் கட்டியிலிருந்து! ஃபிலிம் ஒட்டுகிற தம்பி ஒரு வண்டிக்கு எத்தனை முறை அதை ஒடித்தான் என்று எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன். மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் தேவை, அழுத்தினால் பெயின்ட் போச்சு.

போகிற போக்கில் இன்னும் சில. போர்ஷே 911 காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில் இப்படியொரு தெளிவான ஃபிலிமைப் பல மாடல்களில் தொழிற்சாலையே ஒட்டி அனுப்புகிறது! மறுபடி பெயின்ட் அடித்த பழைய வண்டியா? ஃபிலிமை உரிக்கும் நாளில் பெயின்ட்டும் சேர்ந்து வரலாம். தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரியில் சுட்ட பெயின்ட்டின் பிடி, தெருமுனை பெயின்ட் கடையில் கிடைக்காது. புதிதாக அடித்திருந்தால் ஒரு மாதமாவது ஆறவிட்டு ஒட்டுங்கள். நிறம் மாற்றுகிற ஃபிலிம் ஆசையா? ஆர்சி புத்தகத்தில் வண்டியின் நிறம் எழுதியிருக்கிறது, ஆர்டிஓ ஆபீசை மறந்துவிடாதீர்கள். உடம்புக்கு ஒட்டியதுபோல ஜன்னல் கண்ணாடிக்கும் கறுப்பாக ஒன்று ஒட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதிலிருந்து அது தனி ராமாயணம். ஆயுத பூஜைக் குங்குமத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள், சாயம் ஃபிலிமிலும் ஏறும். மஞ்சள் கறை மட்டும் கவலையில்லை, வெயில் பட்டாலே வெளுத்துவிடும்!

ஆகவே, உங்களுக்கு என் கணக்கு இதுதான். கைப்பிடிக் குழி, கதவு விளிம்பு, கதவு திறந்ததும் கால் உரசும் படி, டிக்கியில் பெட்டியை இழுத்து ஏற்றும் விளிம்பு, இவையெல்லாம் பவுடர் டப்பா. ரெடிமேட் துண்டு, பேபி ஷாம்பூ, கேன் தண்ணீர், பொறுமையான ஒரு கூட்டாளி இருந்தால் போதும், நீங்களே ஒட்டுங்கள். தப்பினாலும் சில நூறு ரூபாயோடு போகும். பம்பர், பக்கக் கண்ணாடி, முழு பானெட் என்றால் கடை. அங்கே விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். டிபியுவா பிவிசியா, ரோல் பெட்டியைப் பிரிக்கும்போது நான் பார்க்கலாமா? வெட்டுவது காருக்கு வெளியிலா, காரின் மேலா? ஒரு வருஷத்துக்கு முன் நீங்கள் ஒட்டிய வண்டி ஒன்றைக் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் சாவியைக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே ஒட்டுகிறவர்கள் வேப்பமரம் பூக்கும் மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். என் பானெட்டில் இருக்கும் பூவை விரல் வைத்துக் கிள்ளப் பார்க்காத விருந்தாளி இதுவரை ஒருவர்கூட இல்லை.